சாவி என் கையில் இருந்தது

"நீயும் வந்து நின்னிருக்கலாமே" என்று அவள் சொன்னாள். "சாவி என் கையில இருந்துச்சு" என்று நான் பதில் சொன்னேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அவள் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட பிறகும், அவள் சொன்னது குறையா அழைப்பா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நோய்த்தணிப்பு வார்டில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு நிலைமை புரியும். மார்ஃபினைப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுக்க இரண்டு செவிலியர்கள் வேண்டும். மருந்தின் அளவையும் நோயாளியின் அடையாளத்தையும் பதிவேட்டில் உள்ள இருப்பையும் இருவரும் சரிபார்த்து, இருவருமே கையெழுத்திட வேண்டும். அன்று அந்த இருவர் நானும் அவளும், பொறுப்பு என்னுடையது. இரண்டு மணி வேளைக்கு மருந்து எடுக்க வேண்டிய நேரத்தில் அவள் ஒரு படுக்கையருகே முழங்காலில் இருந்தாள். அந்த அம்மாவுக்கு அது கடைசி இரவாக இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்னவர் அவரேதான். கேட்காதவர்களிடம் அவள் ஒருபோதும் ஜெபம் என்று போய் நின்றதில்லை. இதை அவள் சார்பாக நான் யாரிடமும் சொல்வேன். தாழ்ந்த குரலில் அழைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, பிடித்துக்கொண்டிராத மற்றொரு கையைச் சற்று உயர்த்திக் காட்டினாள்.

அந்த வேளை மருந்துக்குரிய பாட்டி எதிர்ப்படுக்கையில் இருந்தார். எலும்பு வரை பரவிய புற்றுநோய். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. வலி தொடங்கியதும் போர்வையின் ஓரத்தை எடுத்து, சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல மடிக்க ஆரம்பிப்பார். மடிப்புகள் சிறுத்துக்கொண்டே வந்தால் வலி ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு படுக்கைகளும் தெரிந்தன. ஒன்றில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, மற்றொன்றில் விரல்கள்.

மருந்து கொடுக்க இருபது நிமிடம் தாமதமானது. வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் வேலை செய்யத் தொடங்க அதற்குமேல் அரைமணி நேரம் ஆகலாம். தாமதத்துக்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி, எழுதினேன். 'இரண்டாவது செவிலியர் ஒரு நோயாளியுடன் ஜெபத்தில் இருந்தார்.' விடியற்காலையில் பணியை ஒப்படைக்கும்போது அதைப் படித்துவிட்டுத்தான், நீயும் வந்து நின்றிருக்கலாமே என்று அவள் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது.

நான் எழுதியது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். மார்ஃபினைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏதோ ஓர் அலுவலகத்தின் பிடிவாதம் அல்ல. 1967இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி திரும்பி வந்து நோயாளி கெஞ்சும் வரை காத்திருக்காமல், வலி வருவதற்கு முன்பே அடுத்த வேளை மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர். 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான தன் வழிகாட்டுதலில் அதையே நெறியாக வைத்தது. சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. செவிலியராகவும், மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரானவர். மணி தவறாத அந்த வேளை மருந்தில் அவருடைய பக்தி இருக்கிறது என்றே நான் படித்துவந்தேன். ஆகவே அன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பக்தி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஆனால், உடலின் வலியோடு மனதின் வலி, உறவுகளின் வலி, ஆன்மாவின் வலி எல்லாம் சேர்ந்ததே ஒரு நோயாளியின் முழு வலி என்று சொன்னவரும் அதே சாண்டர்ஸ்தான். அப்படிப் பார்த்தால் அந்த இரவில் என் தோழியும் ஒரு வலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பதிவேடு இல்லை, அவ்வளவே. என் தரப்புக்காக நான் அழைத்து வருகிற சாட்சி பாதி வழியில் அவள் பக்கம் போய் நின்றுவிடுகிறார்.

வேத வசனங்களிலும் எனக்கு இதே கதிதான். மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருக்க, பற்பல வேலைகளால் வருத்தமடைந்த அவள் சகோதரி மார்த்தாள் கடிந்துகொள்ளப்படுகிற லூக்கா 10ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், மார்த்தாளுக்காக எனக்குள் ஒரு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். யோவான் 11ஐப் பாருங்கள் என்பார். அவர்களுடைய சகோதரன் லாசரு இறந்த பிறகு மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்க, எழுந்துபோய் இயேசுவை எதிர்கொண்டவள் மார்த்தாள். நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் அவளே. மத்தேயு 23:23இல்கூட, வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் கடிந்துகொண்ட கையோடு, "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்று ஆண்டவர் சேர்த்துச் சொல்கிறார். சீரகக் கணக்கையும் அவர் தள்ளுபடி செய்யவில்லை. இந்த வசனத்தை நான் எத்தனை முறை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டிருப்பேன்! அதில் சிறிது வெட்கமும் உண்டு. ஏனென்றால், கடிந்துகொள்ளப்பட்டவர்கள் சீரகத்தைச் சரியாக எண்ணியவர்கள்.

என்னை உறுத்துவது அந்தத் தாமதமும் அல்ல, பதிவு செய்ததும் அல்ல. 'இரண்டாவது கையெழுத்து தாமதம்' என்று எழுதியிருந்தாலும் அது முழு உண்மையாகத்தான் இருந்திருக்கும். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுவார்கள். ஜெபம் என்பதை எதற்காகக் குறிப்பிட்டேன்? நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று பயிற்சிக் காலத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தார்கள் என்பது ஒரு பதில். அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. எனக்கு அப்படி ஜெபிக்க வராது. ஆலயத்தில் எனக்கு அச்சிட்ட ஆராதனை முறை வேண்டும். அது இல்லாவிட்டால் வாய் வறண்டுவிடும். அவளோ பக்கத்து அறையில் இருப்பவரோடு பேசுவதுபோலப் பேசுவாள், அழுவாள், சில சமயம் சண்டைகூடப் போடுவாள். காத்திருந்த அந்த இருபது நிமிடமும் நான் பாட்டிக்காக மட்டுமே கோபப்பட்டேனா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல நா எழவில்லை. இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பாட்டியின் விரல்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் பயிற்சி முடித்தவர்கள். விளக்கேந்தி, அருகருகே நின்று உறுதிமொழி எடுத்தவர்கள். நைட்டிங்கேல் உறுதிமொழி என்று அழைக்கப்பட்டாலும், அது 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இயற்றப்பட்டது. 'கடவுளின் முன்னிலையில்' என்று தொடங்கி, தீங்கான மருந்தைத் தெரிந்து கொடுக்க மாட்டேன் என்பது வரை அதில் வரும். அவள் அந்தத் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், நான் மீதியைப் பிடித்துக்கொண்டேன் என்று ஒரு முறை எங்கோ பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் ரசித்தார்கள். அது உண்மை அல்ல. மருந்து அளவில் அவளைப் போலக் கவனமானவரை நான் பார்த்ததில்லை.

பதிவேட்டைப் பார்த்த மேலிடம் அவளிடம் விளக்கம் கேட்டது. "நோயாளி கேட்டார், பாதியில் எழ முடியவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். பிறகு வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். எங்கள் நட்பு முறியவில்லை. பண்டிகைகளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மெலிந்துபோனது.

அவள் நோயாளியாகத் திரும்பி வந்தது என் வார்டுக்கு. அவளுக்கு ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை. அதில் நான் காட்டிய கண்டிப்பு இளையவர்களுக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். ஓர் இரவு, மருந்து கொடுத்துப் பதிவேட்டை மூடிய பிறகு, "சாவியை வெச்சிட்டியா?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன் என்றேன். "அப்ப வா." அருகில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். அதையாவது இயேசுவே கற்றுக்கொடுத்தார் என்ற தைரியத்தில். இரண்டு மூன்று வரிகள் அவளும் கூடவே சொன்னாள். முடிவதற்குள் தூங்கிவிட்டாள். ஜெபத்தினாலா, மார்ஃபினாலா என்று கேட்பது அர்த்தமற்றது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கடிகாரத்தைப் பார்த்தேன். மருந்து கொடுத்து முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அவள் போன பிறகு, பணி ஒப்படைப்புத் தாளில் ஒரு கட்டத்தைச் சேர்க்க ஏற்பாடு செய்தேன். நோயாளி ஜெபத்துக்கோ வேறு ஆன்மிகத் துணைக்கோ கேட்டிருந்தால் அதில் குறி இட வேண்டும். குறி இருந்தால், அவருடன் இருக்கும் செவிலியருக்குப் பதிலாக இரண்டாவது கையெழுத்தை வேறொருவர் இடுவார். நன்றாக வேலை செய்கிறது; பாராட்டும் கிடைத்தது. அவளுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவளிடமிருந்த ஒன்றை எடுத்து ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிட்டேன் என்றும் சில நாட்களில் தோன்றுகிறது.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நைட்ல ரெண்டு பேர்தானே இருக்கோம், அப்ப யாரு கையெழுத்துப் போடுவாங்க?" என்று கேட்டாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.