தேரிக்காட்டு நாட்குறிப்பு: 2025 பனைப் பருவம்

மார்ச் 9, ஞாயிறு

இந்த வருடம் அப்பா ஏறப்போகும் மரங்கள் முடிவாகிவிட்டன. வீட்டுக்குக் கிழக்கே, ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்பவை மட்டும். அப்பாவுக்கு வயது எழுபத்தொன்று. முன்பெல்லாம் நாற்பது மரம், அதுவும் காலையும் மாலையும். டாக்டர் ஒன்றுகூட வேண்டாம் என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "குறைச்சுக்கிடச் சொல்லுதாரு" என்று அதை மாற்றிச் சொல்லிவிட்டார்.

பனைத் தொழில் என்றால் ஏறுவதுதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஏறுவது பாதி வேலைகூட இல்லை. இளம்பாளையை, அதாவது பனையின் பூங்குலையைக் கட்டி, கடிப்பு என்கிற மரக்கிட்டியை வைத்து நாள்கணக்கில் இடுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண்பனைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு கடிப்பு. அப்புறம் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மாசியிலிருந்து ஆடி வரை எங்கள் வீட்டில் யாரும் வெளியூர்க் கல்யாணத்தில் இரவு தங்கியதில்லை.

சீவிய நுனியிலிருந்து சொட்டும் சாற்றைப் பிடிக்கக் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்கு 1987 முதல் தடை. ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்புதான்.

மார்ச் 22, சனி

என் பிழைப்பைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். பதிப்பகங்களுக்குத் தமிழ் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தால் எழுத்தை மென்பொருளே படித்துவிடுகிறது. துணைக்காலையும் 'ர'வையும் அது குழப்பிக்கொள்ளும் இடங்களைத் திருத்துவது மட்டும் என் வேலை. பக்கத்துக்குக் கிடைக்கும் கூலியும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது. ஊரோடு வந்து இருக்க முடிகிறதே, அது ஒரு லாபம்.

"கம்ப்யூட்டரே படிக்குதுன்னா ஒனக்கு எதுக்குத் துட்டு குடுக்கான்?" என்றார் அப்பா. இதைச் சத்தமாகக் கேட்காதீர்கள், அவர்கள் காதில் விழுந்துவிடப்போகிறது என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததில் கண்ணெல்லாம் புகை. பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் கருப்பட்டி ஒரு கிலோ, நல்ல பதநீராக இருந்தால் ஒன்றேகால். பொங்கி வரும்போது அம்மா ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுகிறாள், நுரை அடங்குகிறது. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, உருண்டு வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறாள். அவளுக்கு வயது அறுபத்தாறு. அப்பாவின் முழங்காலைப் பற்றி ஊரே விசாரிக்கிறது. அனலுக்கு முன்னால் குனிந்தே இருந்த இவள் முதுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பனைத் தொழிலாளி என்றால் மரத்தில் இருப்பவர் படத்தைத்தான் போடுகிறார்கள். கீழே அடுப்பு எரியவில்லை என்றால் மேலே சீவுவதெல்லாம் வெயிலில் வீண்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. நல்லதுதான். ஆனாலும் சீனி கலந்த உருண்டை அதே பெயரில் சாலையோரம் விற்கத்தான் செய்கிறது. அது பார்க்க எங்களுடையதைவிட அழகாக வேறு இருக்கிறது.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். தம்பி மகள் நல்ல மார்க். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்குத்தான் போட வேண்டும் என்கிறாள். அங்கே பனைக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. தம்பிக்கு நர்சிங் ஆசை.

தாத்தாவும் பேத்தியும் ராத்திரி வெகுநேரம் பேசினார்கள். பனை ஏறுவதற்குக் கருவி வந்திருக்கிறதே, அதை இன்னும் நல்லபடியாகச் செய்யலாமே என்று அவள். "ஏட்டி, கருவி மரத்து மண்டைக்குக் கீழ வரைக்கும் கொண்டு விடும். அதுக்கு மேல கருக்கு மட்டைக்குள்ள பூந்து பாளையத் தேடிப் போறது யாரு?" என்று இவர். அவள் சளைக்கவில்லை. அந்த இடத்தைத்தான் படிக்கப் போகிறேன் என்றாள். காலில் மாட்டும் தளைநார், முருக்குத்தடி, அரிவாள் பெட்டி என்று தாத்தா மரம் ஏறும் சாமான்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மே 25, ஞாயிறு

கேரளத்தில் நேற்றே பருவமழை தொடங்கிவிட்டதாம். ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்க வேண்டியது. எங்களுக்கு அதில் மழையைவிடக் காற்றுதான் கணக்கு. தேரி என்கிற செம்மணல் மேட்டிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும். காற்று ஓங்கிவிட்டால் மரம் ஆடும், ஏறுவது கஷ்டம். தூறல் விழுந்தால் மரம் வழுக்கும், கலயத்தில் தண்ணீர் இறங்கிப் பதநீர் நீர்த்துப்போகும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வாழையெல்லாம் போய்விட்டது. எங்கள் பனைகள் நின்றன. அதைப் பார்த்துத்தான் பனையின் அருமை தெரிந்தது என்று பலர் சொன்னார்கள். நிற்பது பனைக்குப் புதிதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறாமல் விட்ட மரங்களில் காய்ந்த ஓலை கழிக்காமல் பாவாடைபோலத் தொங்குகிறது. அதற்குள் பனை உழவாரன் குருவிகள் போகவும் வரவுமாக இருக்கின்றன. அப்பா ஏறுகிற, சுத்தமான மரங்களில் அவை இல்லை. பனையேறி இல்லாமல் போனால் எல்லாருக்கும் நஷ்டம் என்று எழுத உட்கார்ந்தால் இந்தக் குருவி இடிக்கிறது.

ஜூலை 7, திங்கள்

திருச்செந்தூர்க் கும்பாபிஷேகம். ரோடு முழுக்கத் தலை. அம்மா கொண்டுபோன சில்லுக்கருப்பட்டி தீர்ந்துவிட்டது. அப்பா இன்று கடைசிக் கலயத்தை இறக்கினார். வழக்கத்தைவிட முன்னதாகவே, காரணம் கேட்டதற்குக் காற்று என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

குளத்துக் கரையில் பள்ளிப் பிள்ளைகள் பனை விதை ஊன்றினார்கள். மாநில மரம் என்று 1978-இல் அறிவித்தது. 2021-இல் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் விதை என்றார்கள், வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் வந்தது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் விதை ஊன்றுகிறார்கள். செங்கல் சூளைக்கு வெட்டியவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து ஊன்றுகிறார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

கணக்கு மட்டும் உதைக்கிறது. விதை முதலில் கீழே கிழங்கு இறக்கும், பிறகுதான் ஓலை விடும். பாளை விடப் பதினைந்து, இருபது வருடம். ஆணா பெண்ணா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். ஆக, இன்று ஊன்றியது 2040-க்கு மேல்தான் சீவ வரும். அன்றைக்கு முப்பது வயதில் ஏற வேண்டியவன் இப்போது பத்தாவது படிக்கிறான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். விதைக்குத் திட்டம் இருக்கிறது, படம் எடுக்க ஆள் வருகிறார்கள். பனையேறிக்குப் பெண் கொடுக்க ஊரில் யாரும் தயாராக இல்லை. அப்பாவும் மகனை ஏற விட்டதில்லை. அடித்துத்தான் படிக்க அனுப்பினார், அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன்.

தம்பி மகளுக்குக் கிள்ளிகுளத்தில் இடம் கிடைத்துவிட்டது. உடன் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் ஏறப் பழக வேண்டும் என்கிறார்களாம், கூட்டிவரட்டுமா என்று போனில் கேட்டாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாசியில வரச் சொல்லு. லீவுக்கு ரெண்டு நா வந்துட்டுப் போறதா இருந்தா வேண்டாம். மொத மாசம் தளைநார் முறுக்கத்தான் சொல்லுவேன், கோவிச்சுக்கிடக் கூடாது" என்றார். சாப்பாடு வீட்டிலேயே போட்டுவிடலாம் என்றாள் அம்மா. தங்குவதற்கு விடிலிக்குப் பக்கத்து அறையில் கிடக்கும் விறகை எடுக்க வேண்டும்.