அவலாஞ்ச் லெவல் 1 கோர்ஸுக்கு போறவங்க முன்னாடியே என்ன படிக்கலாம்

குளிர்காலத்துல ஸ்கீ டூரிங் (ஸ்கீ போட்டுக்கிட்டு பனிமலைல ஏறி இறங்குறது) போக ஆசைப்பட்டு அவலாஞ்ச், அதாவது பனிச்சரிவு பத்தின கோர்ஸ்ல சேரப் போறீங்களா, மொதல்ல வெதர் படிங்க. பனிச்சரிவு ஆபத்து எவ்வளவுன்னு சொல்ற டேஞ்சர் ஸ்கேல் 1ல இருந்து 5 வரைக்கும் இருக்கு, அதை மனப்பாடம் பண்றது பெரிய வேலையே இல்ல. அங்க கேக்குறது வேற மாதிரி இருக்கும், இன்னைக்கு ஏன் வடக்கு பக்க சரிவுல மட்டும் பிரச்சனைன்னு கேப்பாங்க, அதுக்கு போன சில வாரமா அந்த மலைல என்னென்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கணும்.

நான் படிச்சது இப்படித்தான். ஒரே ஒரு மலைப்பகுதிய எடுத்துக்கிட்டு தினமும் காலைல வெதர் டேட்டாவ பாத்து, இன்னைக்கு எந்த சரிவு மோசமா இருக்கும்னு நானே எழுதி வச்சுட்டு அப்புறம் தான் அவலாஞ்ச் ஃபோர்காஸ்ட திறப்பேன். நம்பர விட கீழ எழுதியிருக்குற விளக்கம் தாங்க முக்கியம்.

ஒரு உதாரணம் சொல்றேன். சீசன் ஆரம்பத்துல பனி கொஞ்சமா இருக்கு, வானம் தெளிஞ்சு ராத்திரி கடுங்குளிர்னு வைங்க. தரை கிட்ட 0 டிகிரி, மேல்பரப்பு மைனஸ் 15. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தாலே பனித்துகள் சர்க்கரை மாதிரி ஆகி ஒன்னோட ஒன்னு ஒட்டாது, அது தான் வீக் லேயர், பலமில்லாத அடுக்கு. சூரியன் படாத பக்கம் இது ரொம்ப நாள் அப்படியே கெடக்கும். அது மேல காத்து கெட்டியா ஒரு ஸ்லாப் (பலகை மாதிரி ஒட்டின பனி) கொண்டு வந்து போட்டுச்சுன்னா முடிஞ்சுது, ஒரு ஆள் வெயிட் போதும் உடையறதுக்கு. புதுப்பனியே விழலன்னாலும் காத்து ஒரு பக்கத்து பனிய அள்ளி மறுபக்கம் கொட்டும்ங்கறத நல்லா மனசுல வச்சுக்கோங்க.

பனிக்குள்ள வீக் லேயர் இருக்கான்னு தட்டிப் பாக்குற கம்ப்ரெஷன் டெஸ்ட் கண்டிப்பா செய்யச் சொல்வாங்க. 30க்கு 30 சென்டிமீட்டர் பனித்தூண் வெட்டி, மேல மண்வெட்டியோட தகட்ட படுக்க வச்சு மணிக்கட்டுல இருந்து 10 தட்டு, முழங்கைல இருந்து 10, தோள்ல இருந்து 10. எத்தனாவது தட்டுல உடைஞ்சுதுங்கறத மட்டும் குறிச்சா பத்தாது, எப்படி உடைஞ்சுதுன்னு பாருங்க, டக்குனு வழுக்கி மேல் கட்டி மடியில வந்து விழுந்துச்சுன்னா அது கெட்ட செய்தி. உடையலன்னா அந்த சரிவு சேஃப்னு மட்டும் எழுதிடாதீங்க, நாலடி தள்ளி வேற மாதிரி இருக்கலாம்.

மேப்ல கான்டூர் (ஒரே உயரத்த காட்டுற கோடு) வச்சு 30ல இருந்து 45 டிகிரி சரிவ கண்டுபிடிக்க வீட்லயே பழகலாம். நீங்க நிக்கிற இடம் 20 டிகிரியா இருந்தாலும் மேல என்ன தொங்குதுன்னு பாக்கணும்.

பீக்கன் (புதைஞ்சவங்கள கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பி வாங்குற கருவி) வச்சு தேடுறது புத்தகத்துல வராது, கைப்பழக்கம் தான். புதைஞ்சவங்கள மொத 10 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பொழைக்கிற வாய்ப்பு ரொம்ப அதிகம், அதனால சிக்னல கெடுக்காம இருக்க ஃபோன தூரமா வச்சுட்டு, கடைசி ரெண்டு மூணு மீட்டர் வந்ததும் பீக்கன பனியோட ஒட்டி மெதுவா நகத்திப் பழகுங்க, தோண்டுறதயும் சேத்து.