பத்து விநாடி மூச்சு

"ஆஸ்துமான்னு மட்டும் எழுதிடாதீங்க மேடம், பொம்பளப் புள்ள" என்று அந்த அம்மா என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, 14 வயது மகள், திரையில் மிதந்த மேகப்படம் இரு கோடுகளுக்கு நடுவிலிருந்து நழுவாதபடி, பத்து விநாடிகள் ஒரே சீராகக் குழாயில் ஊதினாள்.

ஊசி இல்லை, ரத்தம் இல்லை. மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் அளவு 62 என்று வந்தது.

ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1993-இலேயே காட்டிவிட்டார்கள். பெரியவர்களுக்கும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கும் அது நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டினால், மூச்சுக்குழாயின் உட்சுவர் அழன்றிருக்கிறது என்றும், உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் பலன் தரும் என்றும் கொள்ளலாம்.

இரண்டு வருடமாக, "சளி உடம்பு" என்று சொல்லியே அந்தப் பிள்ளைக்கு இருமல் மருந்து ஊற்றியிருக்கிறார்கள்.

சர்க்கரைக்கு மாதந்தோறும் தயங்காமல் ரத்தம் கொடுக்கும் வீடுகள்தான், மூச்சை அளப்பதென்றால் பின்வாங்குகின்றன. நோயைவிட அதன் பெயருக்கு அஞ்சுகிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

"மருந்து எடுத்தா இந்த நம்பர் குறையுமா மேடம்?" என்று மகள் கேட்டாள். ஒழுங்காக எடுத்தால் குறையும் என்றேன்.

அம்மா எதுவும் பேசாமல், அந்தத் தாளை நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்தார்.