செவலில் நின்று கரிசலைப் பார்த்த இரண்டு நாள்

கோவில்பட்டிக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஊர் திரும்பி மூன்று நாளாகியும் செருப்பில் ஒட்டிய கரிசல் மண் முழுவதும் உதிரவில்லை. ஓர் ஆட்டோக்காரர் மீதான எரிச்சலும் அடங்கவில்லை. ஆகவே வரிசை கொஞ்சம் கலைந்துதான் வரும்.

நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் ஆசைப்பட்ட எழுத்தாளர்களில் முதல் இடம் எப்போதும் கி. ராஜநாராயணனுக்குத்தான். வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளை அவர் புதுச்சேரியில் கழித்தார். யார் தேடிப் போனாலும் உட்காரவைத்துப் பேசுவார் என்று போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் புதுச்சேரிக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை கடற்கரையிலேயே பொழுது போய்விட்டது. இரண்டாம் முறை லாஸ்பேட்டை வரை சென்று, ஒரு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, "உங்கள் எழுத்து எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு அடுத்த வாக்கியம் என்னவென்று யோசித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் பேருந்து ஏறிவிட்டேன். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவனுக்கு 2021 மே மாத ஊரடங்கில் அவருடைய மறைவுச் செய்திதான் வந்தது. வயது தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருந்தது. இவ்வளவு அவகாசம் கொடுத்த எழுத்தாளர் தமிழில் அதிகம் பேர் இல்லை. அதையும் வீணாக்கியவன் நான்.

கேட்கவேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் தோன்றியது. 'செவல்' என்றால் செம்மண் நிலம். கரிசல் இலக்கியத்தின் முன்னத்தி ஏர் என்று எல்லோரும் சொல்கிற மனிதர், கருப்பு மண்ணின் பேச்சுக்கு அகராதியே தொகுத்தவர், பிறந்த ஊரோ இடைசெவல். அவர் மட்டுமா, கு. அழகிரிசாமியும் 1923இல் அதே ஊரில்தான் பிறந்தார். கரிசலின் இரண்டு பெரிய எழுத்தாளர்கள் பிறந்த ஊரின் பெயரில் செம்மண் எப்படி வந்து உட்கார்ந்தது? கேட்க ஆள் இல்லை என்பதால் ஊரையே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சென்னையிலிருந்து இரவு ரயில். படுக்கை வகுப்பு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. விடுதி அறை அறுநூறு; வெந்நீர் கிடையாது. இதற்கு மேல் இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பேருந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சாலையில் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது இடைசெவல். திருநெல்வேலிப் பேருந்துகளுக்குக் குறைவே இல்லை, ஆனால் "இடைசெவலில் நிற்குமா?" என்று கேட்டால் நடத்துநர்கள் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள். நான்காவது பேருந்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றிக்கொண்ட நடத்துநர் நாலாட்டின்புத்தூரில் இறக்கிவிட்டு, "இங்கேருந்து பக்கந்தான்" என்று விசில் ஊதிவிட்டார். அந்தப் பக்கத்துக்குத்தான் ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசி இருநூற்றைம்பதுக்கு ஏறினேன். நன்றாகக் கால் நீட்டி உட்காருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. ராத்திரி பெய்த மழையில் உள்பாதை சேறாகிவிட்டதாகவும், வண்டி இறங்காது என்றும், எதிரே தெரிகிற காட்டுக்குள் குறுக்கே நடந்தால் ஊர் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். ஊருக்குள் நல்ல தார்ச்சாலை போகிறது என்பதைத் திரும்பும்போதுதான் கண்டேன். அந்தச் சாலையிலிருந்து டவுன் பஸ்ஸில் கோவில்பட்டி வந்து சேர ஆன செலவு ஒரு டீயின் விலைதான். இனிப் போகிறவர்கள் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள்.

ஆனாலும் அந்த மனிதர் ஏமாற்றாமல் இருந்திருந்தால் கரிசல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமலே போயிருக்கும். கார்த்திகை மாதம், மானாவாரிக் காட்டில் பாசிப்பயறும் உளுந்தும் முழங்காலுக்குக் கீழே பச்சை பிடித்து நின்றன. வரப்பை ஒட்டிய பாதையில் முதல் அடி வைத்தபோது மண் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவது அடியில் செருப்போடு ஒரு படலம் எழுந்து வந்தது. பத்தாவது அடியில் செருப்பு இரண்டு விரற்கடை உயர்ந்து, ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஆயிற்று. காலை உதறினால் மண் விழவில்லை. செருப்பின் வார்தான் அறுந்தது. கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தபோது விரல் இடுக்குகளில் மாவுபோல் பிதுங்கிய அந்த மண், வெண்ணெயின் வழவழப்போடும் பிசினின் பிடிவாதத்தோடும் இருந்தது. கீழே கிடந்த பருத்திமார்க் குச்சி ஒன்றை எடுத்துச் சுரண்டச் சுரண்ட, சுரண்டிய இடத்திலேயே அடுத்த அடி மண் வந்து ஒட்டியது. அரை மணி நேர நடைக்குப் பிறகு திடீரென்று கால் லேசாயிற்று. குனிந்து பார்த்தால் தரை சிவந்திருந்தது. மழை பெய்த அடையாளமே இல்லாமல் பொருபொருவென்று இருந்த அந்த மண் ஒட்டவே இல்லை.

வேப்பமரத்தடியில் நான்கைந்து ஆடுகளோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "யாரத் தேடி வந்தீக, தம்பி?" என்றார். சொன்னேன். கூடவே, அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல என்று தெரிந்தும், ஊருக்கு ஏன் செவல் என்று பெயர் என்றும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கரிசல்ல வெள்ளாம வைக்கலாம், வீடு வைக்க முடியுமா? மழைக்கு ஊதும், கோடைக்கு வாய்பொளந்துக்கிடும். சுவரு நிக்காது. பெரியாளுக ரெண்டு கரிசலுக்கும் எடையில செவலாப் பாத்து உக்காந்தாக. அம்புட்டுத்தான்."

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர்கள் வேறு விளக்கம் வைத்திருக்கலாம். இருக்கட்டும். கால் இரண்டும் சாட்சி சொல்லும்போது எனக்கு இந்த விளக்கமே போதுமானதாக இருந்தது. பிழைப்பு கரிசலில், குடியிருப்பு செவலில். இதையே கி.ரா.விடம் கேட்டிருந்தால் இரண்டு கதைகளையும், எழுதமுடியாத ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்பதுதான் வருத்தம்.

ஊருக்குள், மழைக்காக மட்டுமே ஒதுங்கினேன் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்ட பள்ளிக்கூடத்தைக் காட்டினார்கள். அரசு மரியாதையோடு அவரை வழியனுப்பிய நாளைப் பற்றியும் சொன்னார்கள். அழகிரிசாமியைப் பற்றி நானாகக் கேட்டபோதுதான் பேச்சு வந்தது. வருகிறவர்கள் எல்லோரும் கி.ரா.வையே கேட்கிறார்கள் என்றார் பெரியவர். இது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அழகிரிசாமி 1970இல் 46 வயதில் இறந்தார். சாகித்திய அகாதெமி விருது அதே ஆண்டில், இறந்த பிறகு வந்தது. கி.ரா.வுக்கு அந்த விருது 1991இல் கிடைத்தது. ஒருவர் வேலை தேடிச் சென்னைக்கும் மலாயாவுக்கும் போனார். மற்றவர் நெடுங்காலம் ஊரிலேயே சம்சாரியாக, அதாவது விவசாயியாக இருந்து, முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். நடுவில் ஓடிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அழகிரிசாமியைச் சந்திக்க முடிந்திருந்தால் நான் எதுவும் பேசாமல், அவர் சங்கீதத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மதியம் கோவில்பட்டியில் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டேன். தொண்ணூறு ரூபாய். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றிய அக்கா, "வெஞ்சனம் வைக்கவா, தம்பி?" என்று கேட்டபோது சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பொரியல், கூட்டு என்று சொல்லியே பழகிப்போன எனக்கு, புத்தகத்தில் மட்டும் படித்திருந்த சொல் கரண்டியில் வந்தது. அவரைக்காய் வெஞ்சனத்தை மூன்று முறை கேட்டு வாங்கினேன். சுவைக்காகப் பாதி, அவர் அந்தச் சொல்லை இன்னொருமுறை சொல்ல வேண்டும் என்பதற்காகப் பாதி. இருநூற்றைம்பது ரூபாயின் எரிச்சல் இங்கேதான் ஓரளவு ஆறியது.

மறுநாள் கிழக்கே எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, கல்கியின் முயற்சியால் எழுந்து 1947இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் நினைவிடம் எல்லாம் ஒரே சிற்றூரில் இருக்கின்றன, அரைநாள் போதும். பாரதியை நேரில் சந்திக்க எனக்கு ஆசை இல்லை. அவர் கேள்வி கேட்பார்; நம்மிடம் பதில் இருக்காது.

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. கோவில்பட்டி வட்டாரத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது கி.ரா., அழகிரிசாமி இருவரோடு நிற்கவில்லை. 2014இல் பூமணிக்கும் 2019இல் சோ. தர்மனுக்கும் கிடைத்தது. கடலைமிட்டாய் வாங்க வைத்திருந்த பணத்தோடு தபால் நிலையத்துக்குப் போனேன். ஐம்பது பைசா அஞ்சலட்டை ஒன்று வாங்கி, இந்தப் பக்கத்து எழுத்தாளர் ஒருவருக்கு, வந்தால் பார்க்கலாமா என்று எழுதினேன். "உங்கள் எழுத்து எனக்குப் பிடிக்கும்" என்பதற்கு அடுத்து ஒரு கேள்வியும் எழுதினேன். முகவரி தெரியாது, பெயரும் ஊரும் மட்டும் போதுமா என்று கேட்டதற்கு, உள்ளே இருந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவருக்கா? போயிரும்" என்று முத்திரை குத்தினார்.