ஹெச்-இண்டெக்ஸை விட்டுத்தள்ள முடியாது, திருத்தவாவது செய்யலாம்

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஆய்வாளர்களை எடைபோட ஹெச்-இண்டெக்ஸ் என்ற எண்ணைக் கொண்டுவந்தார். ஒருவருக்கு இது 20 என்றால், தலா 20 மேற்கோளாவது (மற்ற ஆய்வுக் கட்டுரைகள் அதைச் சுட்டிக்காட்டுவது) வாங்கிய கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான். பார்த்ததும் புரிகிற கணக்கு என்பதாலேயே வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், நிதி கொடுப்பவர்கள் என்று எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் வழக்கமாகச் சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. பத்துக் கட்டுரைக்கும் தலா 10 மேற்கோள் வாங்கியவருக்கும் தலா 500 வாங்கியவருக்கும் ஒரே எண்தான் வரும். அடுத்த ஆண்டே லியோ எக்கே என்பவர் ஜி-இண்டெக்ஸ் என்று ஒன்றைச் சொல்லி, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்தார். சரி, நல்லது. ஆனால் என்னைப் பொறுத்தவரை கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

2015-ல் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய துகள் இயற்பியல் ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டன. ஆசிரியர்கள் 5,154 பேர். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும், தனியாக உட்கார்ந்து எழுதிய ஒருவரின் கட்டுரைக்கு வரும் மேற்கோளும் அதே ஒன்றுதான். ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கு போட்டால் இந்தக் கூத்து குறையும். சமமாக வகுத்தால் உண்மையில் உழைத்தவருக்கு அநியாயம் என்பார்கள், அதுவும் நியாயம்தான். உயிரியலில் முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் தனி மதிப்பு, கணிதத்தில் பெயர்களை அகர வரிசையில் போட்டுவிடுவார்கள், ஆகவே பெயர் வரிசையை வைத்துப் பங்கைக் கண்டுபிடிக்கும் ஒரே சூத்திரம் எல்லாத் துறைக்கும் பொருந்தாது. இருந்தாலும் ஆளுக்கு ஒன்று என்று அள்ளிக்கொடுப்பதைவிட சமப்பங்கு எவ்வளவோ மேல்.

அடுத்தது துறை. கணிதக்காரரையும் மருத்துவ ஆய்வாளரையும் மேற்கோள் எண்ணிக்கையில் மோதவிடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு கட்டுரையை அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிட்டு, மேலிருந்து எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சராசரியோடு ஒப்பிடுவதைவிட இது பாதுகாப்பானது, ஏனென்றால் பல்லாயிரம் மேற்கோள் வாங்கிய ஒரே ஒரு கட்டுரை சராசரியையே தூக்கிவிடும். ஆனால் துறையின் எல்லையை யார் வரைவது? அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச்-சின் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட அளவீடு, ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்ற கட்டுரைகளையே அதன் துறையாக எடுத்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்த யோசனை இது.

அப்புறம் மோசடி. 2010-ல் சிரில் லபே என்பவர் கணினி உளறிய போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத ஆளுக்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரின் தரவின்படி ஹெச்-இண்டெக்ஸ் 94 வரவைத்துக் காட்டினார். சுயமேற்கோளை நீக்கினால் மட்டும் போதாது, ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்ளும் கூட்டத்தையும் பிடிக்க வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், இண்டெக்ஸ் 23 வாங்கியவர் 22 வாங்கியவரைவிட மேல் என்று பட்டியல் போடாதீர்கள். பங்கிடும் முறையைச் சற்று மாற்றினாலே அந்த வரிசை தலைகீழாகிவிடும், அதனால் ஒற்றை எண்ணுக்குப் பதில் இதிலிருந்து இதுவரை என்று ஒரு வீச்சாகப் போடுங்கள், இருவரின் வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கட்டுரையை எடுத்துப் படித்துப் பாருங்கள்.