பிரஸ்ஸுல விரல் போன தம்பிக்கு இ.எஸ்.ஐ. பணம் வாங்கினதும், அதுக்கப்புறம் மெஷினுக்கு பாதுகாப்புக் கூண்டு போட்டதும்

போன வாரம் அந்தத் தம்பி ஓடி வந்து போன்ல பேங்க் மெசேஜ் காட்டினான். இ.எஸ்.ஐ.ல (தொழிலாளர் காப்பீட்டுல) இருந்து முதல் தடவையா பென்ஷன் ஏறிருக்கு. பதினோரு மாசம் ஆச்சுங்க. அந்த மெசேஜைப் பார்த்ததும் உக்காந்துட்டேன், அழுகை வந்துருச்சு. இதுல நாங்க எங்கெங்க தப்பு பண்ணினோம், எங்க அலைஞ்சோம்னு எழுதி வெச்சா வேற யாராச்சும் நாலு நாள் மிச்சம் பண்ணுவாங்கன்னுதான் எழுதறேன்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் எங்க ஷெட். பம்ப் செட் கம்பெனிகளுக்கு கிளாம்ப், வாஷர், டெர்மினல் பாக்ஸ் மூடி எல்லாம் ஜாப் ஆர்டர்ல அடிச்சுக் குடுக்கறோம். ஆறு பவர் பிரஸ் (தகட்டை அடிச்சு வெட்டற மெஷின்), பதினாலு பேர். வீட்டுக்காரர் ப்ரொடக்‌ஷன் பார்ப்பார், நான் கணக்கு, சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாருக்கும் இ.எஸ்.ஐ. நம்பர் போட்டிருந்தோம், மாசாமாசம் சம்பளத்துல நம்ம பங்கு 3.25, அவங்க பங்கு 0.75 சதவீதம் ஒழுங்கா கட்டிட்டுதான் இருந்தோம். அது ஒண்ணுதான் எங்களைக் காப்பாத்துச்சு.

கார்த்திகை மாசம், சாயங்காலம் டீ குடிச்சு வந்து உக்காந்த நேரம். நாலாம் நம்பர் பிரஸ், 30 டன். ஜார்கண்ட்ல இருந்து வந்த பையன், 23 வயசு. பெடலை மிதிச்சு, காலை எடுத்துட்டு, டைக்குள்ள (பீஸுக்கு வடிவம் குடுக்கற அச்சு) சிக்கின பீஸை எடுக்க கையை விட்டிருக்கான், ராம், அதாவது மேல இருந்து இறங்கி அடிக்கற பாகம், தானா இன்னொரு தடவை இறங்கிருச்சு. வலது கை ஆள்காட்டி விரல், நுனிக் கணு போயிருச்சு.

ஒரு விஷயம் சொல்லிடறேன். கூட இருந்த பையன் பதட்டத்துல துண்டான நுனியை நேரா ஐஸ்ல போட்டுட்டான். அப்படி போடக் கூடாதாம். சுத்தமான ஈரத் துணியில சுத்தி, தண்ணி போகாத கவர்ல போட்டு, அந்தக் கவரைத்தான் ஐஸ்ல வைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. இவனுக்கு நசுங்கிப் போனதால எப்படியும் ஒட்டியிருக்காதுன்னும் அவரே சொன்னாரு. ஆனா அடுத்தவங்களுக்கு ஒட்டலாம் இல்லையா, அதை ஷெட்டுல எல்லாருக்கும் இப்பவே சொல்லி வைங்க.

ஆஸ்பத்திரியில வைத்தியம் நல்லாவே நடந்துச்சு, குறை சொல்ல ஒண்ணுமில்லை. குறையெல்லாம் பேப்பர்ல.

24 மணி நேரத்துக்குள்ள ஃபார்ம் 12, அதாவது ஆக்சிடென்ட் ரிப்போர்ட், ஆன்லைன்ல போடணும். நாங்க கணக்கு குடுத்து வெச்சிருந்த கன்சல்டன்ட் வந்து உக்காந்தாரு. மெஷின் பேரு, எந்த பாகத்துல அடிபட்டது, அப்போ பவர்ல ஓடிட்டு இருந்துச்சா, ரெண்டு சாட்சி, இப்படி வரிசையா கேக்கும். அதுல ஒரு இடத்துல தொழிலாளி முதலாளி சொன்னதை மீறி ஏதாவது செஞ்சாரான்னு இருக்கும். அவரு யோசிக்கவே இல்லை, "ஆமான்னு போட்டு கவனக்குறைவுன்னு எழுதிடலாங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, நாளைக்கு நமக்கு தொந்தரவு இருக்காது"ன்னாரு.

என் கை நின்னுருச்சு. ஏன்னா அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான் எங்க ஃபோர்மேன் அண்ணன் தலையைக் குனிஞ்சுட்டு சொன்னாரு, அந்தப் பையன் ரெண்டு வாரமாவே "அண்ணா, டபுள் அடிக்குதுண்ணா"ன்னு சொல்லிட்டே இருந்தான், டெலிவரி முடியட்டும் பார்க்கலாம்னு விட்டுட்டேன்னு. பெடலை ஒரு தடவை மிதிச்சா பிரஸ் ஒரு தடவைதான் அடிக்கணும், ரெண்டாவதா அடிச்சா அதுதான் டபுள். பிரஸ் ஷாப் வெச்சிருக்கிற யாருக்கும் இது தெரியாத சமாச்சாரம் இல்லை. அப்புறம் பிரிச்சுப் பார்த்தப்ப ஒரு அடியோட பிரஸ்ஸை நிறுத்தற லாட்ச்சோட ஸ்பிரிங் பாதி அறுந்து தொங்குது, பிரேக் லைனர் எண்ணெய் ஊறி வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. ஆயுத பூஜைக்கு அதே பிரஸ்ஸுக்கு நான்தான் என் கையால சந்தனமும் குங்குமமும் வெச்சேன். லைனரைக் கழட்டிப் பார்க்கணும்னு தோணலை.

வீட்டுக்காரர்கிட்ட தனியா கேட்டேன், "நம்ம பையனா இருந்தா கவனக்குறைவுன்னு எழுதுவோமா?" அவரு ஒண்ணும் பேசலை, கொஞ்ச நேரம் கழிச்சு "நடந்ததை எழுது"ன்னாரு. இல்லைன்னு போட்டு, ரிப்பீட் ஸ்ட்ரோக்னு, அதாவது டபுள் அடிச்சுதுன்னு, அப்படியே எழுதினோம். அதனால எங்களுக்கு ஒரு கெடுதலும் வரலை.

கன்சல்டன்ட் சொல்லாம விட்டது ஒண்ணு: அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல வேலைக்கு வர முடியலைன்னா இ.எஸ்.ஐ. ஆபீஸ் மட்டும் இல்லை, ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்கும் தனியா தகவல் போகணும். எங்களுக்கு லேட்டாதான் தெரிஞ்சு, ஓடிப் போய் குடுத்து, ஏன் தாமதம்னு விளக்கம் எழுதிக் குடுத்து வந்தோம். அதே மாதிரி விபத்தை எழுதி வைக்கற ஆக்சிடென்ட் புக். வாங்கி அலமாரியில இருந்துச்சு, பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கலை.

இப்ப பெரிய தப்புக்கு வர்றேன், இது முழுக்க நாங்க பாசத்துல பண்ணினது. கட்டோட ரூம்ல தனியா உக்காந்து பைத்தியம் பிடிக்குதுன்னு பையன் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தான். வீட்டுக்காரர் பாவம்னு நாலு நாள் கேட் கிட்ட உக்கார வெச்சு, வண்டி நம்பர் எழுதுன்னு சொல்லி, அந்த நாலு நாளும் மஸ்டர்ல (வருகைப் பதிவேட்டுல) ஆஜர் போட்டு சம்பளமும் குடுத்துட்டாரு. வேலைக்கு போக முடியாத நாளுக்குத்தான் இ.எஸ்.ஐ. சராசரிக் கூலியில 90 சதவீதம் தருது, சம்பளம் வாங்கின நாளுக்கு கிடையாது. அது கூடப் பரவால்லை, நாலு நாள்தானே. ஆனா இந்த தேதிகள்ல இவர் வேலை பார்த்தாரா, சம்பளம் குடுத்தீங்களான்னு பிராஞ்ச் ஆபீஸ்ல இருந்து நமக்கு ஒரு லெட்டர் வரும். நாங்க உள்ளதை எழுதவும் மொத்த ஃபைலும் நின்னுருச்சு. இனி வேலைக்குப் போகலாம்னு டாக்டர் குடுக்கற ஃபைனல் சர்டிபிகேட் வாங்காம நடுவுல எப்படி வேலைக்கு வந்தாரு, அப்ப மத்த நாளெல்லாம் நிஜமாவே லீவா, ஒரே கேள்வி.

மூணு தடவை போனேன். முதல் தடவை கவுன்டர்ல இருந்தவரு ஸ்கிரீனை விட்டு தலையே தூக்கலை, "கிளாரிஃபிகேஷன் லெட்டர் கொண்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னாரு, அதுல என்ன எழுதணும்னு கேட்டா பதில் இல்லை. ரெண்டாவது தடவை லெட்டரோட போனா, மஸ்டர் காப்பி வேணுமாம், அதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள் மிச்சம். கன்சல்டன்ட் இதுக்கும் ஒரு வழி சொன்னாரு, மஸ்டரை மாத்தி எழுதிடலாம்னு. தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணிடாதீங்க. மூணாவது தடவை உள்ள இருந்த ஒரு அம்மா ஃபைலை வாங்கி நிதானமா படிச்சுட்டு, அந்த நாலு நாளைக் கழிச்சுட்டு மத்ததைப் பாஸ் பண்ணலாம்னு குறிப்பு எழுதினாங்க. பத்து நிமிஷ வேலை. அந்தம்மா நல்லா இருக்கணும்.

அதனால அடிபட்ட ஆளுக்கு உதவணும்னா தாராளமா உதவுங்க, சாப்பாடு, வாடகை, மருந்து எதுவா இருந்தாலும். ஆனா மஸ்டர்ல பேர் ஏத்தாதீங்க, ஃபைனல் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் ஷெட்டுல வேலைன்னு எதையும் குடுக்காதீங்க. இடையில வாங்குற சர்டிபிகேட்ல ஒரு நாள் கூட விட்டுப் போகக் கூடாது, தேதி தொடர்ச்சியா இருக்கான்னு கவுன்டர்லயே நின்னு பாருங்க.

பாஸ் ஆன பணமும் திரும்பிப் போச்சு. அவன் ஊர்ல வெச்சிருந்த பேங்க் 2020ல வேற பேங்கோட சேர்ந்துடுச்சு, ஐ.எஃப்.எஸ்.சி. மாறிடுச்சு, அவன்கிட்ட இருந்தது பழைய பாஸ்புக். வெளி மாநிலப் பசங்க வேலைக்கு வந்த அன்னைக்கே இதைப் பார்த்து வைங்க. ஆதார்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே இ.எஸ்.ஐ.லயும் பேங்க்லயும் இருக்கணும்.

அப்புறம் ஊனம் எத்தனை சதவீதம்னு முடிவு பண்ற மெடிக்கல் போர்டு. ஆள்காட்டி விரல்ல ஒரு கணு போனா 9 சதவீதம்னு சட்டத்துலயே அட்டவணை இருக்கு. அவனுக்கு சராசரி நாள் கூலி 500, அதுல 90 சதவீதம் 450, அதுல 9 சதவீதம். நாளைக்கு நாப்பது ரூபா அம்பது காசு. உசுரோட இருக்கிற வரைக்கும் வரும். அந்தக் கணக்கை நான்தான் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் விரலைப் பார்த்தான், பேப்பரைப் பார்த்தான், "சரிக்கா"ன்னான். எனக்கு அன்னைக்கு சோறு இறங்கலை.

மெஷின் கதை தனி. விபத்து நடந்த மறு வாரமே சென்சார் விக்கிறவர் ஒருத்தர் வந்தாரு. டை முன்னாடி ரெண்டு தூண் மாதிரி நிக்கும், நடுவுல கை போனா மெஷின் நின்னுரும்னு டெமோ வீடியோ காட்டினாரு. 38,000 ரூபா. யோசிக்காம 15,000 அட்வான்ஸ் குடுத்துட்டோம், அப்ப இருந்த மனநிலையில எதைச் சொன்னாலும் வாங்கியிருப்போம். நல்ல வேளையா, டூல் ரூம்ல முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் எங்களுக்கு டை பண்ணித் தர்றவரு, அவரு கேட்டுட்டு "உங்களுது கீ கிளட்ச்சாச்சே சாமி, இது எதுக்கு?"ன்னாரு. கீ கிளட்ச் பிரஸ்ஸுல, சுத்தற கனமான சக்கரத்தோட (ஃப்ளைவீல்) ராமைக் கோக்கற ஆப்புதான் கீ, அது ஒரு தடவை விழுந்துட்டா ராம் கீழ போய் மேல வந்து முழு சுத்து முடிச்சுதான் நிக்கும், நடு வழியில நிறுத்த வழியே இல்லை. சென்சார் மோட்டாரை ஆஃப் பண்ணும், சரி, ஆனா ஃப்ளைவீல் சுத்திட்டுதானே இருக்கும். நடு வழியில நிறுத்த முடியற, காத்தழுத்தத்துல வேலை செய்யற ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்ஸுக்குத்தான் அது சரி. எங்க ஆறுமே கீ கிளட்ச். அட்வான்ஸ்ல பாதிதான் திரும்ப வந்துச்சு. பழைய பிரஸ் வெச்சிருக்கிறவங்க தயவு செஞ்சு இதை ரெண்டு தடவை படிங்க, சென்சார் இருக்குன்னு நம்பி ஒருத்தன் கை விட்டா அது இல்லாததை விட மோசம்.

பெரியவர் சொன்னபடி நாங்க செஞ்சது வேற. டையைச் சுத்தி கம்பி வெச்ச கூண்டு, தகட்டுப் பட்டை உள்ள போற சந்து 6 மில்லிமீட்டருக்குள்ள, விரல் நுழையாது. பக்கத்துத் தெரு வெல்டிங் கடையில ஒரு பிரஸ்ஸுக்கு 3,000 கூட ஆகலை. இழுத்துப் பிடிக்கிற லாட்ச் ஸ்பிரிங்கைத் தூக்கிட்டு, உள்ள ராடு விட்டு அமுங்குற ஸ்பிரிங் போட்டாரு, அது உடைஞ்சாலும் லாட்சைக் கொஞ்சமாச்சும் தள்ளிட்டுதான் இருக்கும், மத்தது மாதிரி மொத்தமா விட்டுடாது. பெடலுக்கு மேல வளைச்ச தகடு, ஏதாவது விழுந்து மிதிபடாம இருக்க. டை மாத்தறப்ப ராமுக்கு அடியில முட்டுக் கட்டை. கூண்டு போட முடியாத ஜாபுக்கு அலுமினிய இடுக்கி, மறந்து உள்ள விட்டாலும் டை போகாது.

போட்ட மூணாம் நாளே கூண்டைக் கழட்டி ஓரமா சாத்தி வெச்சிருந்தாங்க பசங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை, ஆனா கேட்டா அவங்க சொன்னதும் நியாயம், கூண்டுக்குள்ள பீஸ் வைக்கவே முடியலை, பீஸ் கணக்குல கூலி குறையுது. அப்புறம்தான் புரிஞ்சு, சரிஞ்சு உள்ள போற மாதிரி ஒரு தகடு ஸ்லைடு போட்டு, அடிச்ச பீஸ் பின்னாடி விழற மாதிரி பண்ணினோம். அந்த ஒரு மாசம் பீஸ் ரேட்டை நிறுத்திட்டு நாள் கூலியே குடுத்தோம். இப்ப பழைய எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சு, யாரும் கழட்டறதில்லை.

அந்தத் தம்பி இப்ப பிரஸ்ல உக்கார்றதில்லை. காலையில எட்டு மணிக்கு ஆறு பிரஸ்ஸையும் பீஸ் இல்லாம பத்து பத்து தடவை ஓட்டிப் பார்த்து நோட்டுல ஹிந்தியில எழுதறது அவன் வேலை. போன மாசம் ரெண்டாம் நம்பர் பிரஸ்ஸுல ஏழாவது அடி முடிஞ்சும் ராம் லேசா கீழ இழுத்துச்சு. அன்னைக்கு மதியம் லோடு போகணும், ஃபோர்மேன் அண்ணன் வாயைத் திறக்கும் முன்னாடியே அவன் மெயின் சுவிட்சை இறக்கி ஃபியூஸைப் பிடுங்கி பாக்கெட்டுல போட்டுட்டு என் டேபிளுக்கு வந்தான், "அக்கா, டபுள்." வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டு, லோடு நாளைக்குத்தான் வரும்னு சொன்னாரு.