நிரம்பியபடியே திரும்பி வந்த தண்ணீர்ப் போத்தல்

சாப்பாட்டுப் பெட்டி காலியாகத்தான் வரும். தண்ணீர்ப் போத்தல் மட்டும் நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வந்தது. வைகாசி வெயிலில், ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டால் "மறந்துட்டேன்மா" என்பாள். ஒரு கிழமைக்குப் பிறகுதான் விளங்கியது. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். இடைவேளையில் அவளைப் பகிடி பண்ணும் மூன்று பிள்ளைகளும் அங்கேதான் நிற்பார்கள்.

நாங்கள் 2023இல் தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தவர்கள். நான் 1990இல் ஏழு வயதில் வள்ளத்தில் போனவள். மகள் அங்கே பவானிசாகர் அகதி முகாமில் பிறந்தவள். கோண்டாவிலுக்கு வந்து ஒரு மாதத்திலேயே என் நாக்கு பழைய தமிழுக்குத் திரும்பிவிட்டது. அவளுடைய நாக்கு எங்கே திரும்பும்? அவள் பிறந்த பேச்சே அதுதானே. தரம் 7இல் சேர்ந்த முதல் கிழமை, "டீச்சர் என்கூட நல்லா பேசினாங்க" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. வகுப்பே சிரித்திருக்கிறது. தமிழ்நாட்டு டிவி நாடகத்தில் போலக் கதைக்கிறாள் என்று, அன்றைக்கே "சீரியல்" எனப் பட்டம் தெளித்துவிட்டார்கள்.

பட்டத்தோடு நின்றிருந்தால் நானும் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். அதைப் பிழை என்றுதான் இன்று நினைக்கிறேன். தரம் 8க்குப் போனபோது அவள் வாய் திறந்து கதைக்கும் படம் ஒன்றை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, ரியூசன் குழுவில் போட்டிருந்தார்கள். கீழே "கள்ளத்தோணி" என்று எழுத்து. மலையகத் தமிழரைக் கேவலப்படுத்தப் பெரியவர்கள் ஒரு காலத்தில் சொன்ன சொல் அது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நினைத்து அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. நாங்கள் உண்மையிலேயே தோணியில் போனவர்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

கணவர் உடனே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டார். மறித்துவிட்டேன். மகளிடம் "என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். "ஸ்கூலுக்கு வராதீங்கம்மா, இன்னும் கூடும்" என்றாள். இரண்டு நாள் இருந்து கதைத்தோம். அவளுக்குச் சொல்லாமல் எந்த அடியும் எடுத்து வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் தலையாட்டினாள். அந்த இரண்டு நாளும் வீண் போனதாக நான் நினைக்கவில்லை.

பிறகு ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கினேன். எந்த நாள், எந்த இடம், யார், என்ன சொல், பக்கத்தில் நின்று பார்த்தது யார் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஸ்டிக்கரை, குழுவின் பெயரும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். அதை யாருக்கும் அனுப்பவில்லை. நியாயம் கேட்கிறேன் என்று சொந்தக்காரருக்கு அனுப்பியிருந்தால் நானும் அதைப் பரப்பியவளாகியிருப்பேன்.

முதலில் வகுப்பாசிரியரிடம் போனேன். "பகிடிக்குச் செய்திருப்பினம். இவவும் கொஞ்சம் எங்கட மாதிரிக் கதைக்கப் பழகினால் சரிதானே" என்றார். நல்ல மனுசிதான். ஆனால் அந்தப் பதிலோடு பக்கத்து ஊரான திருநெல்வேலியின் சந்தை வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே அழுதேன். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று அன்று விளங்கியது.

அடுத்தது அதிபருக்குக் கடிதம், ஒரே பக்கம். தண்டனை கேட்கவில்லை, மூன்று விடயங்கள்தான் கேட்டேன். ஸ்டிக்கர் அழிக்கப்பட வேண்டும். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என் மகளோடும் அந்தப் பிள்ளைகளோடும் தனித்தனியாகக் கதைக்க வேண்டும். இரண்டு பிரதி கொண்டுபோய், என் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கினேன். கந்தோரில் இருந்தவர் தயங்கினார். நான் எழும்பவில்லை.

பத்து நாளாகியும் பதில் வராததால் 1929க்கு அழைத்தேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. காசு இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் கதைக்கலாம். அந்தச் சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது என்பதெல்லாம் பிறகு அறிந்ததுதான். மறுமுனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டார். பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்கென்றே இருக்கும் உத்தியோகத்தரைப் பார்க்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் முடியாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம், அடி, வெருட்டல், ஆபாசப் படம் என்று வந்தால் நேரே பொலிஸின் சிறுவர் பெண்கள் பணியகம் என்றும் விளக்கினார். கொப்பியைப் பார்த்த உத்தியோகத்தர் அன்றே அதிபருக்கு அழைப்பு எடுத்தார். அடுத்த கிழமை கூட்டம்.

அதிபர் கோபத்தோடுதான் இருந்தார், ஆனால் என்னில் இல்லை. "பிரம்பால நாலு போட்டு, காலைக் கூட்டத்தில மன்னிப்புக் கேட்கச் செய்யிறன்" என்றார். இரண்டும் வேண்டாம் என்றேன். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்வதை உத்தியோகத்தர் மெதுவாக நினைவூட்டினார். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சை முடியும் வரை "இவளாலதான் அவளுக்கு அடி விழுந்தது" என்ற பெயரை என் பிள்ளைதான் சுமப்பாள்.

பெற்றோரைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். ஸ்டிக்கர் செய்த பிள்ளையின் தாய் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. "இந்தச் சொல்லு எங்கட வீட்டில கதைக்கிறதுதான் அக்கா" என்றா. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இடைவேளையில் இப்போது ஓர் ஆசிரியர் அங்கே நிற்கிறார். ஆலோசனை ஆசிரியரை மகள் கிழமைக்கு ஒருமுறை பார்க்கிறாள். "சீரியல்" என்ற பட்டம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மூவரில் ஒருத்தி இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. போத்தல் பாதியாக வருகிறது.

போன கிழமை பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னைக்கு டீச்சர் பேசினாங்க" என்றாள்.

"எந்தப் பேச்சு?" என்றேன்.

"ரெண்டும்தான்மா" என்று சிரித்தாள்.